மெழுகு வைத்த பாட்டில்

என் மாப்பிள்ளை அக்பர் அலி நல்லவர். அவர் மேல் எனக்கு இருக்கிற முதல் கோபம் அதுதான். கெட்டவனாக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாகப் படுத்துவிடலாம். நல்ல மனுஷனை என்ன சொல்லித் திட்டுவது?

அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா. புதுச்சேரிப் பக்கத்தில் பட்டாளத்துக்காரரை அப்படித்தான் சொல்வோம். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை லீவில் வருவார். கல்யாணம் ஆகிப் பத்து வருஷமும் என் மகள் ரஹீமா வில்லியனூரில் என் வீட்டில்தான் இருந்தாள். அவள் பெற்ற ஒரே பெண் நசீரா. என் வீட்டில் பிறந்து, என் தோளில் வளர்ந்து, என்னை நன்னா என்றும் என் மனைவி ஜொஹரா பீவியை நன்னி என்றும் கூப்பிட்டுக்கொண்டு திரிந்தவள். எழுபத்தொன்பதாம் வருஷம் நவம்பர் மாதம் மாப்பிள்ளை வந்தார். காகிதமெல்லாம் சரியாகிவிட்டது, ஜனவரி நாலாம் தேதி மூன்று பேரும் பிரான்சுக்குப் புறப்படுகிறோம் என்றார். சந்தோஷப்பட வேண்டிய விஷயம். தெருவே வந்து சந்தோஷப்பட்டது. வந்தவர்களுக்கெல்லாம் நானே சர்பத் ஊற்றிக் கொடுத்தேன். வயிறு மட்டும் எரிந்தது.

சர்பத்தான் என் தொழில். வில்லியனூர்க் கடைத்தெருவில் பக்கீர் முகமது சர்பத் கடை என்றால் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். எசென்சு ஊற்றுகிற ஆள் இல்லை நான். நன்னாரி வேரை வாங்கி, கழுவி, உள்தண்டை உருவிப் போட்டுவிட்டு, தோலை மட்டும் இடித்து ஊற வைத்துக் காய்ச்சுவேன். கோயில் தேரன்றும் மாதா கோயில் திருவிழாவன்றும் என் கடை முன்னால் நிற்க இடம் கிடைக்காது. என் சர்பத்துக்கு எவ்வளவு பெயர் உண்டோ, என் கோபத்துக்கும் அவ்வளவு பெயர் உண்டு. சர்க்கரை கம்மியாக இருக்கிறதே என்று ஒருவன் சொன்னால், கிளாசை வாங்கிக் கீழே ஊற்றிவிட்டுக் காசைத் திருப்பிக் கொடுத்து அனுப்புவேன். அதைப் பார்க்கவே சிலபேர் வருவான்கள்.

நசீரா தன் தகரப் பெட்டியின் மூடிக்குள் ஒரு படம் ஒட்டி வைத்திருந்தாள். பத்திரிகையில் வந்த விளம்பரம். மெட்ராசுக்குத் தெற்கே கடற்கரையோரம் புதிதாக ஒரு விளையாட்டுப் பூங்கா திறந்திருந்தார்கள். அதில் தென்னை மரத்துக்கு மேலே எழும்பி நிற்கிற ஒரு ராட்சச ராட்டினம். தொட்டி தொட்டியாகப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தன. அந்த வருஷம் உலகம் முழுக்கக் குழந்தைகள் ஆண்டு என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதற்காக, பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு டிசம்பர் முடிய உள்ளே போகவும் ராட்டினம் சுற்றவும் இலவசம் என்று படத்துக்குக் கீழே போட்டிருந்தது. நசீராவுக்கு ஒன்பது முடிந்து சில மாதம் ஆகியிருந்தது.

ஒரு நாள் கடையில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, அந்த ராட்டினத்தின் உச்சிக்குப் போனால் நம் வீடு தெரியுமா என்று கேட்டாள். வீடு தெரியாது, ஆனால் வில்லியனூர்க் கோபுரம் தெரியும் என்று சொன்னேன். வாயில் வந்ததைச் சொன்னேன். அவள் நம்பிவிட்டாள். கூட்டிக்கொண்டு போகிறேன் என்றும் அப்போதே சொல்லிவிட்டேன்.

அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டில் அவள் இதை அவளுடைய அத்தாவிடம் சொன்னாள். மாப்பிள்ளை சிரித்தார். சிரிப்பில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை.

"எதுக்கு மாமா உங்களுக்கு வீண் செலவு? பாரீசுல இதவிடப் பெருசு இருக்கு. இவ பாக்கத்தான போறா. இல்ல, ஆசப்படுறான்னா நானே டாக்சி வெச்சிடறேன், எல்லாரும் போயிட்டு வந்துடலாம்."

கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே போட்டேன். இந்தப் பெண் இன்னும் ஒரு மாதத்தில் போய்விடுவாள். அதற்குப் பிறகு அவளுக்குக் கிடைக்கப் போகிற சட்டை, சாக்லேட், பள்ளிக்கூடம், பனி எல்லாம் அத்தாவின் கையால். கிடைக்கட்டும், பெற்றவன்தானே. ஆனால் ஒரே ஒரு நாள், அவளுக்கு என்றைக்கும் மறக்காத ஒரே ஒரு நாள், என் கையால் இருக்கக் கூடாதா? அதையும் டாக்சி வைத்து இந்த மனுஷன் வாங்கிவிட வேண்டுமா?

"டாக்சியும் வேணாம், ஒண்ணும் வேணாம் மாப்ளே" என்றேன். "எம் பேத்திய நான் கூட்டிம்போறேன். எங் காசுல."

ரஹீமா தலையைக் குனிந்துகொண்டாள். மாப்பிள்ளை சரி மாமா என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். பதிலுக்கு ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருந்தால் என் கோபம் அங்கேயே தீர்ந்திருக்கும்.

மறுநாளே யோசனை செய்ய ஆரம்பித்தேன். எனக்கு வழி தெரியாது. மெட்ராசுக்கு இரண்டு முறை ரயிலில் போயிருக்கிறேன், அவ்வளவுதான். என் சிநேகிதர் தங்கவேல், கரும்பு போடுகிறவர், தீபாவளிக்குத் தன் மகளையும் பேரப்பிள்ளைகளையும் அந்தப் பூங்காவுக்குக் கூட்டிப்போய் வந்திருந்தார். அவரைக் கடையில் உட்கார வைத்து எல்லாம் கேட்டுக்கொண்டேன். ரயில் சரிப்படாது, ஒரே நாளில் திரும்ப முடியாது என்றார். காலை ஆறு மணிக்குப் புதுச்சேரியில் மெட்ராஸ் பஸ்ஸைப் பிடித்து, திண்டிவனம் வழியாகத் தாம்பரம், அங்கிருந்து இன்னொரு பஸ். பதினொரு மணிக்குப் பூங்காவில் இருக்கலாம். நாலு மணிக்குக் கிளம்பினால் ராத்திரி ஒன்பதுக்குள் வீடு. நசீராவுக்குப் பஸ்ஸில் அரை டிக்கெட், பூங்காவில் டிக்கெட்டே இல்லை. சாப்பாட்டைக் கையோடு கட்டிக்கொண்டு போய்விட்டால் என் சக்திக்குள் அடங்கிவிடும்.

"உள்ள எதையும் வாங்கித் தின்னாதீங்க பாய்" என்றார் தங்கவேல். "கலர் ஒரு பாட்டில் வெளிய விக்கற மாதிரி ரெண்டு மடங்கு."

எவ்வளவு என்று கேட்டேன். சொன்னார். எனக்கு மண்டைக்கு ஏறியது. சாயத் தண்ணீரில் சர்க்கரையைக் கரைத்துக் காற்றடித்து விற்கிறவனுக்கு அந்த விலை. நான் வேரை இடித்துக் காய்ச்சி ஊற்றுகிற சர்பத்தை அதில் பத்தில் ஒரு பங்குக்கு விற்கிறேன், அதிலும் ஒருவன் பாக்கி வைத்துவிட்டுப் போகிறான். சர்பத்துக்காரன் பேத்தி தாகம் எடுத்துக் கலர் வாங்கிக் குடித்தாள் என்றால் எனக்கு அதைவிட அவமானம் உண்டா? அந்தப் பூங்காவில் என் பேத்தி என் சர்பத்தைத்தான் குடிப்பாள் என்று அப்போதே முடிவு செய்தேன். இதில் மட்டும் செலவு பார்க்கவில்லை. வேரில் முதல் தரம் வாங்கினேன். எலுமிச்சம்பழம் ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். இரண்டு நாள் பக்குவம் பார்த்துக் காய்ச்சி, வழியில் தண்ணீர் தேடாமல் அப்படியே குடிக்கிற அளவுக்குக் கலந்து இரண்டு பாட்டிலில் ஊற்றினேன். பஸ் குலுக்கலில் கசிந்துவிடக் கூடாது என்று வாயைத் தக்கையால் இறுக்கி, மேலே மெழுகு உருக்கி ஊற்றி அடைத்தேன்.

அந்தப் பாட்டிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது பிராந்தி பாட்டில்.

எங்கள் ஊர்க்காரருக்கு இதில் ஒன்றும் தோன்றாது. தெருவுக்குத் தெரு பிராந்திக் கடை இருக்கிற ஊர். காலி பாட்டில் மண்ணாங்கட்டி மாதிரி கிடைக்கும். எந்த வீட்டு அடுப்படிக்குப் போனாலும் நல்லெண்ணெய் பிராந்தி பாட்டிலில் இருக்கும், தேன் பிராந்தி பாட்டிலில் இருக்கும், விளக்குக்கு மண்ணெண்ணெய் அதிலேதான் வாங்குவார்கள். கோயில் ஐயர் வீட்டிலும் அப்படித்தான், எங்கள் வீட்டிலும் அப்படித்தான். பழைய பாட்டில் வாங்குகிற மாரிமுத்து சாக்கில் கொண்டுவந்து போடுவான். சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்து, வெந்நீரில் அவித்து, வெயிலில் கவிழ்த்துக் காய வைத்துச் சர்பத் ஊற்றுவேன். முப்பது வருஷமாக எனக்கு அது சர்பத் பாட்டில். ஐந்து வேளை தொழுகிறவன் நான். அதில் முன்னால் என்ன இருந்தது என்கிற நினைப்பே எனக்கு வந்தது கிடையாது.

எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் மதுவிலக்கு என்பதும், பஸ்ஸை நிறுத்திச் சோதனை போடுகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். சரக்கு கொண்டுபோகிறவனைப் பிடிப்பார்கள், நமக்கு என்ன என்று இருந்தேன்.

ஜொஹரா மட்டும், நசீராவின் பள்ளிக்கூடத்துப் பிளாஸ்டிக் கேனில் ஊற்றிக் கொடுக்கட்டுமா, தூக்கவும் இலேசாக இருக்குமே என்று கேட்டாள். பிளாஸ்டிக்கில் ஊற்றினால் நன்னாரி வாசனை கெட்டுவிடும், முப்பது வருஷம் என்னோடு குடித்தனம் செய்தும் இது தெரியவில்லையா என்று அவள் மேல் விழுந்தேன். அவள் கேனைக் கொண்டுபோய் ஆணியில் மாட்டிவிட்டாள்.

டிசம்பர் முப்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டுக் கிளம்பினோம். நசீரா பெருநாளுக்குத் தைத்த மஞ்சள் பாவாடை சட்டை போட்டிருந்தாள். எலுமிச்சைச் சோற்றுப் பொட்டலமும், அவித்த முட்டையும், துண்டில் சுற்றிய இரண்டு பாட்டிலும் ஒரு பையில். மாப்பிள்ளை வாசல்வரை வந்து, பத்திரமாகப் போய்விட்டு வாருங்கள் மாமா என்று சொல்லி என் சட்டைப் பையில் ஒரு நோட்டை வைக்கப் பார்த்தார். கையைப் பிடித்துத் திருப்பிக் கொடுத்தேன். அவர் முகம் சுருங்கியது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மெட்ராஸ் ரோட்டில் கொஞ்ச தூரம் போனதும் எல்லைச் சாவடியில் பஸ் நின்றது. ஒரு போலீஸ்காரர் ஏறினார். இளவயசுக்காரர், கையில் சின்னப் பிரம்பு. ஒவ்வொரு பையாகப் பிரம்பால் தட்டிக்கொண்டு வந்தார். என் பையைத் தட்டியதும் கிளிங் என்றது.

பையைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். துண்டைப் பிரித்தார். இரண்டு பாட்டிலும் வெளியே வந்தன. உள்ளே கருஞ்சிவப்பாக, வாயில் மெழுகு முத்திரை போட்டு, கண்ணாடியில் கம்பெனிக்காரன் முத்திரை பொறித்தபடியே. எனக்கே அப்போதுதான் அது பிராந்தி பாட்டிலாகத் தெரிந்தது.

"இன்னா பாய்" என்றார் அவர். "பேத்திய ஜோடிச்சுக் கூட்டிக்கினு, உள்ள சரக்கா?"

பஸ்ஸில் நாலு பேர் சிரித்தார்கள். என் தாடி வெளுத்து அறுபத்திரண்டு வயது ஆகியிருந்தது. சர்பத் என்று கத்தினேன். நான் கத்திய கத்தலில் முன்சீட்டில் தூங்கிய குழந்தை எழுந்து அழுதது. அந்தப் போலீஸ்காரர் கோபப்படவே இல்லை. எல்லாரும் சர்பத் என்றுதான் சொல்கிறார்கள் என்றார். பிறகு சாதாரணமாகவே சொன்னார்:

"சரி, தொறங்க. மோந்து பாத்துட்டு வுட்டுடறேன்."

இந்த இடத்தைத்தான் இத்தனை வருஷமாக நான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவர் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. தக்கையைத் திருகினால் தீர்ந்தது. ஆனால் அவர் 'சரக்கா' என்று கேட்டாரே, நாலு பேர் சிரித்தார்களே, என் பேத்தி அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாளே. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் சொல்தாவின் நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தவன் நான். திறக்க மாட்டேன் என்றேன். முப்பது வருஷம் சர்பத் விற்றவனை மோந்து பார்க்க நீ யார் என்றேன். உன் பெரிய அதிகாரியைக் கூப்பிடு, அவர் முன்னால் திறக்கிறேன், சர்பத்தாக இருந்தால் நீ எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றேன்.

பஸ்ஸில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகச் சொல்லிப் பார்த்தார்கள். தொறந்து காட்டிடுங்க பெரியவரே, எல்லாருக்கும் நேரமாவுது என்றார்கள். கண்டக்டர் வந்து கையைப் பிடித்தார். டிரைவர் ஹாரனை மூன்று முறை அடித்தார். ஒவ்வொருவர் சொல்லச் சொல்ல எனக்குப் பிடிவாதம் ஏறிக்கொண்டே போனது.

நசீரா என் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள்.

"நன்னா, எனக்குத் தாகமா இருக்கு. தொறங்க நன்னா, குடிக்கறேன்."

அவளுக்கு நிஜமாகவே தாகம் எடுத்ததா, அல்லது ஒன்பது வயதுக் குழந்தை எனக்கு ஒரு வழி காட்டியதா, எனக்குத் தெரியாது. இரண்டில் எதுவாக இருந்தாலும், பேத்திக்காகத் திறந்தேன் என்று சொல்லிக்கொண்டு மரியாதையோடு திறந்திருக்கலாம். அவளும் அவர்கள் பக்கம் சேர்ந்துவிட்டாள் என்றுதான் எனக்குப் பட்டது.

"சும்மா இருடி" என்றேன்.

பிறந்ததிலிருந்து அவளை நான் அப்படிச் சொன்னதில்லை. அவள் சட்டையை விட்டுவிட்டாள்.

எங்களை இறக்கிவிட்டுப் பஸ் போனது. சாவடியில் ஒரு மேசை, ஒரு பெஞ்சு, மூலையில் ஒரு மண்பானை. சப்-இன்ஸ்பெக்டர் பதினொரு மணிக்குத்தான் வருவார் என்றார்கள். வரட்டும் என்று பெஞ்சில் உட்கார்ந்தேன். நசீரா பெஞ்சின் அந்தக் கோடியில் உட்கார்ந்தாள். அந்த வழியாக மெட்ராஸ் பஸ்கள் போய்க்கொண்டே இருந்தன. ஒவ்வொன்றாக நின்று, சோதனை முடிந்து கிளம்பின. அவள் ஒவ்வொன்றின் ஜன்னலையும் பார்த்தாள். நடுவில் இரண்டு முறை அந்த இளவயசுப் போலீஸ்காரர் வந்து, இப்பவாவது திறக்கிறீர்களா பாய், அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன் என்றார். அவர் முகத்தையே பார்க்காமல் உட்கார்ந்திருந்தேன். மனசுக்குள் அவரைக் கிழித்துத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தேன். சப்-இன்ஸ்பெக்டரிடம் என்னென்ன சொல்ல வேண்டும் என்று வரிசையாகக் கோர்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு குழந்தை உட்கார்ந்திருக்கிறது என்பதே எனக்கு நினைவில் இல்லை.

பதினொரு மணிக்குச் சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, வாங்க பாய், உக்காருங்க என்று எதிரே நாற்காலி காட்டினார். அந்த ஒரு வார்த்தைக்கு நான் அப்படியே இளகிப் போனேன். நானே மெழுகைச் சுரண்டினேன், நானே தக்கையைத் திருகினேன். நன்னாரி வாசனை அந்த அறை முழுக்கப் பரவியது. அவர் மேசை மேல் இருந்த கிளாசைக் கழுவச் சொல்லி ஊற்றிக் கொடுத்தேன். குடித்தார். இன்னொரு கிளாஸ் கேட்டார். எசென்சு கிடையாது சார், வேர் என்று நான் விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். ஏட்டு ஒரு கிளாஸ் குடித்தார். ரைட்டர் ஒரு கிளாஸ். கடைசியில் என்னை இறக்கிவிட்ட அந்தப் பையனுக்கும் கொடுத்தேன், எப்படி இருக்கிறது சரக்கு என்று கேட்டுக்கொண்டே. பாட்டில் காலியாகிவிட்டது. எனக்கு ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது.

அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். நசீரா சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கையில் ஈயக் குவளை.

"இன்னொரு பாட்டில் இருக்கும்மா, தொறக்கவா?" என்றேன்.

"வேணாம் நன்னா. அவங்க பானத் தண்ணி குடுத்தாங்க. தாகம் போயிடுச்சு" என்றாள். அவங்க என்று அவள் காட்டியது அந்தப் போலீஸ்காரரை.

சப்-இன்ஸ்பெக்டர் சிரித்துக்கொண்டே, இனிமேல் பிராந்தி பாட்டிலில் ஊற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வராதீர்கள் பாய் என்றார். குழந்தையை எங்கே கூட்டிப் போகிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த பஸ் பதினொன்றரைக்கு வரும், தானே சொல்லி உட்கார வைப்பதாகச் சொன்னார். நாலு மணிக்குப் போய்விடலாம், பூங்கா ஏழு மணிவரை இருக்கிறது, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கடைசி பஸ்ஸில் திரும்பலாம் என்று கணக்குப் போட்டும் சொன்னார். நேரம் இருந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் நான் சொன்னதெல்லாம் பொய்யாகிவிடும். நேரம் இருந்தது, கையில் காசும் இருந்தது.

நசீரா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "போலாமா நன்னா?"

அந்த நேரம் பார்த்து அந்தப் போலீஸ்காரர், கிளாசைக் கீழே வைத்துவிட்டு, "அப்பவே தொறந்திருந்தா இந்நேரம் புள்ள ராட்டினத்துல இருக்கும் பாய்" என்றார்.

உண்மையைச் சொன்னார். உண்மை என்பதால்தான் எனக்குத் தாங்கவில்லை. உங்க பஸ்ஸும் வேணாம், உங்க தயவும் வேணாம் என்று கத்திவிட்டு, காலி பாட்டிலையும் நிறைந்த பாட்டிலையும் பையில் திணித்துக்கொண்டு, அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். எதிர்ப்பக்கம் புதுச்சேரிக்குப் போகிற பஸ் நின்றது. அதில் ஏறினோம்.

நேரே வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. பகல் ஒரு மணிக்குத் திரும்பிப் போய் மாப்பிள்ளை முகத்தில் விழிக்க எனக்குத் துணிச்சல் இல்லை. புதுச்சேரிக் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். கல்லில் உட்கார்ந்து எலுமிச்சைச் சோற்றைச் சாப்பிட்டோம். சாப்பிட்ட பிறகு மறுபடியும் பாட்டிலைத் திறக்கவா என்றேன். வேணாம் நன்னா என்றாள். அழவில்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் இல்லை. ஒரு தரமாவது அழுதிருந்தால் தூக்கி வைத்துச் சமாதானம் செய்திருப்பேன். அவள் அத்தாவின் குணம், என்ன செய்வது. பாவாடையை முழங்காலுக்குக் கீழே இழுத்து விட்டுக்கொண்டு கடலைப் பார்த்தபடி இருந்தாள். நான் போலீஸ்காரனைத் திட்டிக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துக் கண்டக்டரைத் திட்டினேன். பிறகு மாரிமுத்து கொண்டுவந்து போட்ட பாட்டிலைத் திட்டினேன். யாரும் மிச்சமில்லாமல் போன பிறகு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

பொழுது சாய்ந்து மஃரிபு தொழுதுவிட்டு, கடைசியாக வில்லியனூர் பஸ் ஏறினோம். எட்டு மணிக்கு வீடு. வழி முழுக்க, போலீஸ்காரர்கள் செய்த அநியாயத்தை மாப்பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். திறக்கச் சொன்னதை விட்டுவிட்டு மற்றதைச் சொல்வதாக ஏற்பாடு.

வாசலிலேயே மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார். மகளைத் தூக்கிக்கொண்டார்.

"ராட்டினம் சுத்துனியாம்மா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் பதில் சொல்லிவிட்டாள்.

"சுத்துனேன் அத்தா. ரெண்டு தடவ. உச்சிக்குப் போனப்ப வில்லியனூர்க் கோபுரம் தெரிஞ்சுது. நன்னா சொன்ன மாதிரியே."

மாப்பிள்ளை மகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பட்டாளத்துக்காரர், தூரம் தெரிந்தவர். நூறு மைலுக்கு அப்பால் இருக்கிற கோபுரம் எந்த ராட்டினத்திலிருந்தும் தெரியாது என்று அவருக்குத் தெரியாதா? "அப்படியா, நல்லா தெரிஞ்சுதா" என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் தலையைத் தடவினார். நான் முன்பே சொன்னேனே, நல்லவர் என்று. அந்த நேரம் அவர் என்னைக் கேவலமாக ஒரு பார்வை பார்த்திருந்தால்கூட அவருக்கு நான் கடன்பட்டிருப்பேன்.

ஜொஹரா என் கையிலிருந்து பையை வாங்கிப் பிரித்தாள். நிறைந்த பாட்டிலை எடுத்து வைத்தாள். காலி பாட்டிலை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அவளுக்கு முகமெல்லாம் சந்தோஷம்.

"பூராவும் குடிச்சிட்டியாடி கண்ணு? எப்படி இருந்துச்சு உங்க நன்னா சர்பத்து?"

நசீரா அத்தாவின் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"நல்லா இருந்துச்சு நன்னி" என்றாள். "நன்னா எனக்குத்தான் மொதல்ல குடுத்தாங்க."

நாலாம் தேதி அவர்கள் போய்விட்டார்கள். இரண்டாவது பாட்டில் அலமாரியில் இருந்தது. ஜொஹரா ஒரு தடவை அதைத் திறக்கப் போனாள். அதில் கை வைக்காதே என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். வழக்கம்போல அவள் மேல்தான் கோபம் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.